கிரீஸின் மார்ச் 25: விடுதலை நாள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரீஸ் நாட்டுக்கு ஆண்டில் இரண்டு தேசிய நாட்கள் உண்டு. ஒன்று மார்ச் 25, இன்னொன்று அக்டோபர் 28. இந்தப் பக்கம் முதலாவதைப் பற்றியது. துருக்கியரின் ஒட்டோமான் பேரரசை எதிர்த்து 1821ல் கிரேக்கர்கள் தொடங்கிய விடுதலைப் போரை அன்று நினைவுகூர்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் மேடையேறிச் சொல்லும் கதை அழகானது, சுருக்கமானது. நடந்த வரலாறு அதைவிடச் சிக்கலானது, வலி மிகுந்தது. கதையை ஒதுக்காமல், நடந்ததையும் மறைக்காமல் இரண்டையும் இங்கே பிரித்துச் சொல்லப் பார்த்திருக்கிறேன்.

1821 மார்ச் 25 அன்று உண்மையில் என்ன நடந்தது?

போர் அன்றுதான் தொடங்கியது என்று சொல்ல முடியாது. பிப்ரவரி கடைசியிலேயே அலெக்சாந்த்ரோஸ் இப்சிலாந்திஸ் என்ற தளபதி ஒரு சிறு படையோடு புரூட் ஆற்றைக் கடந்து, இன்றைய ருமேனியாவில் இருக்கும் யாசி நகரில் கிளர்ச்சியை அறிவித்துவிட்டார். தெற்கே பெலொப்பொனீஸ் தீபகற்பத்தில் மார்ச் நடுவிலேயே துப்பாக்கிகள் வெடிக்கத் தொடங்கின. மார்ச் 21ல் கலாவ்ரிதாவிலும் பாத்ராசிலும் சண்டை. மார்ச் 23ல் மானி மலைநாட்டு வீரர்கள் பெத்ரோபே மாவ்ரொமிகாலிஸ் தலைமையில் கலமாத்தா நகரைப் பிடித்தார்கள். இந்தப் போரின் பெரிய தளபதியாகப் பின்னால் பெயர் பெற்ற தியோடோரோஸ் கொலொகொத்ரோனிஸும் அவர்களோடு இருந்தார். ஆக, 25ஆம் தேதி வருவதற்குள் தீ நன்றாகவே பற்றிக்கொண்டிருந்தது.

பிறகு ஏன் 25ஐத் தேர்ந்தெடுத்தார்கள்?

அன்று மங்கள வார்த்தைத் திருநாள். கபிரியேல் தூதர் கன்னி மரியாளிடம் இயேசுவின் பிறப்பை அறிவித்த நாளாகக் கிறித்தவர்கள் கொண்டாடும் நாள் அது. கிரேக்கர்களில் பெரும்பாலோர் சேர்ந்த ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் இதற்குப் பெரிய இடம் உண்டு. ஒரு நாட்டின் பிறப்பை அறிவிக்கவும் இதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்காது என்று அன்றைய ஆட்சியாளர்கள் நினைத்திருக்கிறார்கள்.

அரசாணை வந்தது 1838ல், அதாவது போர் தொடங்கிப் பதினேழு ஆண்டுகள் கழித்து. ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து வந்த மன்னர் ஓத்தோ அப்போது ஆண்டுகொண்டிருந்தார். வெளியிலிருந்து வந்த அரசர், சண்டை போட்டுச் சலித்த ஊர்த் தலைவர்கள், ஒருவரையொருவர் சிறையில் தள்ளிய முன்னாள் தளபதிகள் எல்லோரும் ஒரே இடத்தில் கூடி நிற்க ஒரு நாள் தேவைப்பட்டது. கலமாத்தாக்காரர்களின் நாளையோ பாத்ராஸ்காரர்களின் நாளையோ எடுத்திருந்தால் மற்ற ஊர்க்காரர்கள் ஏற்றிருப்பார்களா? திருநாள் என்றால் யாரும் மறுக்க முடியாது. எனக்கு இது மிகவும் புத்திசாலித்தனமான முடிவாகத் தெரிகிறது.

நாட்காட்டி மாறியதால் குழப்பம் வரவில்லையா?

அன்று கிரேக்கர்கள் பயன்படுத்தியது பழைய ஜூலியன் நாட்காட்டி. அதன்படி 1821 மார்ச் 25 என்பது நாம் இப்போது பயன்படுத்தும் கணக்கில் ஏப்ரல் 6. 1923ல் கிரீஸ் அரசு புதிய நாட்காட்டிக்கு மாறியது, மறு ஆண்டு திருச்சபையும் மாறியது. ஆனால் விழா மார்ச் 25லேயே நின்றுவிட்டது. பழைய நாட்காட்டியை விடாத சில ஆர்த்தடாக்ஸ் குழுக்கள் இன்றும் மங்கள வார்த்தைத் திருநாளை ஏப்ரல் 7ல்தான் கொண்டாடுகின்றன. இந்தப் பக்கத்தில் கிரேக்க நிகழ்ச்சிகளுக்குப் பெரும்பாலும் பழைய தேதிகளையே கொடுத்திருக்கிறேன். நவரினோ கடற்போரும் லண்டன் உடன்படிக்கையும் புதிய கணக்கில்.

ஆயர் கெர்மானோஸ் ஆகியா லாவ்ரா மடத்தில் கொடியேற்றிய கதை உண்மையா?

கிரீஸில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இதைச் சொல்லும். கலாவ்ரிதா அருகே மலையில் இருக்கும் ஆகியா லாவ்ரா மடம். பாத்ராஸ் ஆயர் கெர்மானோஸ் மடத்தின் திரைச்சீலையையே கொடியாக உயர்த்துகிறார். சுற்றிலும் மண்டியிட்ட வீரர்கள், "விடுதலை அல்லது மரணம்" என்று சத்தியம் செய்கிறார்கள். தியோடோரோஸ் விரிசாகிஸ் 1865ல் தீட்டிய ஓவியம் இந்தக் காட்சியை எல்லோர் மனதிலும் பதித்துவிட்டது.

ஆனால் கெர்மானோஸ் தன் நினைவுக் குறிப்புகளை எழுதியிருக்கிறார். அதில் இந்தச் சம்பவம் இல்லை! அவர் வாழ்நாளின் மிகப் பெரிய தருணம் இப்படி நடந்திருந்தால் அதை எழுதாமல் விட்டிருப்பாரா? மார்ச் 25 வாக்கில் அவர் பாத்ராஸ் நகரில் இருந்தார், அங்கே கிளர்ச்சியாளர்களுக்கு ஆசி வழங்கினார் என்பதற்குத்தான் சான்றுகள் இருக்கின்றன. மடத்துக் காட்சியைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் பூக்வில் என்ற பிரெஞ்சு தூதர். அவர் 1824ல் வெளியிட்ட வரலாற்றில் ஆயரின் உரையையே கொடுத்திருக்கிறார். ஐரோப்பிய வாசகர்களைக் கிரேக்கர்கள் பக்கம் இழுக்க அந்த எழுத்து உதவியது. இன்றைய வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோர் மடத்து நிகழ்ச்சியைப் புனைவாகவே கருதுகிறார்கள்.

அதற்காக அந்த மடத்தை யாரும் குறைத்து எண்ண வேண்டாம். கலாவ்ரிதா பகுதி கிளர்ச்சியில் முந்திக்கொண்டது உண்மை. 1826ல், சுல்தானுக்கு உதவ எகிப்திலிருந்து வந்த இப்ராகிம் பாஷாவின் படை மடத்தை எரித்தது. 1943 டிசம்பரில் ஜெர்மன் படை கலாவ்ரிதா ஊரின் ஆண்களை மலைச்சரிவில் நிறுத்திச் சுட்டுக் கொன்றது, அடுத்த நாள் மடத்துக்கும் தீ வைத்தது. கொடியேற்றிய கதை இல்லாவிட்டாலும் அந்த இடம் வணக்கத்துக்கு உரியதுதான்.

எத்தனை ஆண்டுகள் ஒட்டோமான் ஆட்சி நடந்தது?

பொதுவாக 400 ஆண்டுகள் என்பார்கள். கான்ஸ்டான்டினோபிள் (இன்றைய இஸ்தான்புல்) 1453ல் ஒட்டோமான் படையிடம் வீழ்ந்ததிலிருந்து கணக்கிட்டால் கிட்டத்தட்ட அதுதான் வரும். ஆனால் எல்லா இடத்துக்கும் ஒரே கணக்கு பொருந்தாது. கிரீட் தீவு 1669 வரை வெனிஸ் வசம் இருந்தது. கோர்ஃபு தீவு ஒட்டோமான் ஆட்சிக்குள் வரவே இல்லை.

அவ்வளவு காலம் பொறுத்தவர்கள் 1821ல் ஏன் எழுந்தார்கள்?

பல காரணங்கள் ஒன்றுசேர்ந்தன. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிரேக்க வணிகர்களும் கப்பல் முதலாளிகளும் செழித்தார்கள். ஹிட்ரா, ஸ்பெட்சஸ், ப்சாரா தீவுகளில் பீரங்கி பொருத்திய வணிகக் கப்பல்களும் பழகிய மாலுமிகளும் இருந்தார்கள். பிரெஞ்சுப் புரட்சியின் கருத்துகள் பரவின. அந்தக் கருத்துகளைக் கிரேக்க மொழியில் எழுதிய ரிகாஸ் பெரேயோஸ் 1798ல் பெல்கிரேடில் கொல்லப்பட்டார்.

1814ல் ஒதேசா துறைமுகத்தில் ஸ்கூபாஸ், க்சாந்தோஸ், சகாலோப் என்ற மூன்று பேர் 'நண்பர் சங்கம்' என்ற ரகசிய அமைப்பைத் தொடங்கினார்கள். மூவரும் பெரிய இடத்து ஆட்கள் இல்லை, வணிகத்தில் இருந்தவர்கள். சத்தியம் வாங்கி ஆள் சேர்த்தார்கள். பின்னால் ரஷ்யா இருப்பது போன்ற ஒரு தோற்றத்தையும் உண்டாக்கினார்கள், அது உண்மையில்லை என்றாலும் பலருக்கு அது தைரியம் கொடுத்தது.

அப்புறம் ஒரு நல்ல நேரமும் வாய்த்தது. யானினாவை ஆண்ட அலி பாஷா சுல்தானுக்கு எதிராகக் கிளம்பினார். அவரை அடக்கப் பெலொப்பொனீஸின் ஆளுநரே படையோடு வடக்கே போய்விட்டார். தெற்கில் காவல் குறைந்த அந்தச் சமயத்தில்தான் கிளர்ச்சி வெடித்தது.

போர் எப்படிப் போனது?

முதல் இரண்டு ஆண்டுகள் கிரேக்கர்களுக்குச் சாதகமாகப் போயின. 1821 செப்டம்பரில் பெலொப்பொனீஸின் தலைநகரமான டிரிப்போலிட்சா விழுந்தது. 1822 ஜூலையில் திராமாலி பாஷாவின் பெரும்படையைக் கொலொகொத்ரோனிஸ் டெர்வெனாகியா கணவாயில் மடக்கி நொறுக்கினார். கடலில் கான்ஸ்டான்டினோஸ் கனாரிஸ் தீக்கப்பலைக் கொண்டுபோய் எதிரியின் தலைமைக் கப்பலையே கொளுத்தினார். இதற்கிடையில் 1822 ஜனவரி 1ல் எபிதாவ்ரோஸில் கூடிய பேரவை முதல் அரசியல் சட்டத்தையும் இயற்றிவிட்டது.

அடுத்து வந்தது உள்சண்டை. 1823 முதல் 1825 வரை கிரேக்கர்கள் தங்களுக்குள்ளேயே இரண்டு முறை போரிட்டார்கள். தளபதிகளுக்கும் நிலக்கிழார்களுக்கும் தீவுக்காரர்களுக்கும் இடையே அதிகாரப் போட்டி. கொலொகொத்ரோனிஸையே பிடித்து ஹிட்ராவில் அடைத்தார்கள். லண்டனில் வாங்கிய கடன் பணமும் இந்தச் சண்டைக்கு எண்ணெய் வார்த்தது. சரியாக அந்த நேரம் பார்த்து, 1825 பிப்ரவரியில் எகிப்திலிருந்து இப்ராகிம் பாஷா ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற படையோடு மெத்தோனியில் இறங்கினார். சிறையிலிருந்த கொலொகொத்ரோனிஸை அவசரமாக விடுவித்தார்கள். ஆனால் அதற்குள் பெரும்பகுதி கைநழுவிப் போயிருந்தது.

கிரேக்கர்கள் தரப்பில் கொடுமையே நடக்கவில்லையா?

நடந்தது. டிரிப்போலிட்சாவைப் பிடித்தபோது நகரிலிருந்த முஸ்லிம்களும் யூதர்களும் ஆண், பெண், குழந்தை என்று பாராமல் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். கொலொகொத்ரோனிஸே தன் நினைவுகளில் அந்தப் பயங்கரத்தைச் சொல்லியிருக்கிறார். மறுபக்கம், போர் தொடங்கிய சில வாரங்களில் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் தலைவரான மறைமுதுவர் ஐந்தாம் கிரிகோரியை உயிர்ப்பு ஞாயிறன்றே கான்ஸ்டான்டினோபிளில் அவரது மாளிகை வாயிலில் ஒட்டோமான் ஆட்சியாளர்கள் தூக்கிலிட்டார்கள். அந்த வாயில் இன்றுவரை மூடியே கிடக்கிறது. 1822ல் கீயோஸ் தீவில் ஒட்டோமான் படை பல்லாயிரம் பேரைக் கொன்றது, பல்லாயிரம் பேரை அடிமைகளாக விற்றது. பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவா அதைத் தீட்டி 1824ல் பாரிஸில் வைத்தபோது ஐரோப்பா அதிர்ந்தது.

டிரிப்போலிட்சாவுக்கு அப்படி ஓர் ஓவியம் கிடைக்கவில்லை. விழா மேடைகளில் அந்த ஊரின் வெற்றியை மட்டும் பேசி, கொல்லப்பட்டவர்களை விட்டுவிடுவது நியாயம் இல்லை. விடுதலைப் போர் நியாயமானது என்று நம்புகிறவர்கள்தான் இதை முதலில் சொல்ல வேண்டும்.

மிசொலோங்கி என்ற பெயர் ஏன் இவ்வளவு உருக்கத்தோடு சொல்லப்படுகிறது?

மேற்குக் கரையில் உப்பங்கழி ஓரத்தில் இருக்கும் சிறிய ஊர் அது. ஆங்கிலக் கவிஞர் பைரன் கிரேக்கர்களுக்கு உதவ வந்து, 1824 ஏப்ரலில் காய்ச்சலில் இறந்தது இங்கேதான். மறு ஆண்டு ஏப்ரலில் ஒட்டோமான் படை ஊரை முற்றுகையிட்டது. பிறகு இப்ராகிமும் சேர்ந்துகொண்டார். ஏறத்தாழ ஒரு வருடம் ஊர் தாக்குப்பிடித்தது. உணவு தீர்ந்து குதிரை, நாய், எலி, கடற்பாசி என்று தின்றார்கள்.

1826 ஏப்ரல் 10 இரவு, குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய இரவு, இனி முடியாது என்று எல்லோரும் ஒன்றாக வாயிலைத் திறந்து வெளியே பாய முடிவெடுத்தார்கள். திட்டம் எதிரிக்கு முன்பே தெரிந்துவிட்டிருந்தது. சிலரே தப்பினார்கள். நடக்க முடியாத முதியவர்களும் நோயாளிகளும் ஊரிலேயே தங்கினார்கள். எதிரிகள் நுழைந்தபோது முதியவர் கிறிஸ்தோஸ் கப்சாலிஸ் வெடிமருந்துக்குத் தீ வைத்தார். ராணுவக் கணக்கில் இது தோல்வி. ஆனால் லண்டனிலும் பாரிஸிலும் மக்கள் மனதைத் திருப்பியதில் இதற்கு இணையான வெற்றி எதுவும் இல்லை. அந்த ஊர்க்காரர்கள் இன்றும் தங்கள் பெரிய நினைவு நாளை குருத்தோலை ஞாயிறை ஒட்டித்தான் நடத்துகிறார்கள்.

பெண்கள் போரில் இருந்தார்களா?

இருந்தார்கள். ஸ்பெட்சஸ் தீவின் லஸ்காரினா பூபூலினா, 'அகமெம்னன்' என்ற தன் சொந்தக் கப்பலோடு நாப்லியோ முற்றுகைக்கு வந்தார். சொத்தைப் போருக்குச் செலவழித்தார். 1825ல் ஒரு குடும்பச் சண்டையில் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார். மிகோனோஸ் தீவின் மாந்தோ மாவ்ரொஜெனூஸும் தன் செல்வத்தைக் கப்பலுக்கும் படைக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியில் பாரோஸ் தீவில் வறுமையில் இறந்தார். பெயர் பதிவாகாத பெண்கள் எத்தனையோ பேர், மிசொலோங்கியில் ஆண் உடை தரித்து வாளேந்தி வெளியேறியவர்கள் உட்பட.

கடைசியில் விடுதலை எப்போது கிடைத்தது?

1827 அக்டோபர் 20ல் நவரினோ வளைகுடாவில் பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா மூன்றும் சேர்ந்து ஒட்டோமான், எகிப்தியக் கப்பற்படையை அழித்தன. 27 கூட்டணிக் கப்பல்களில் ஒன்றுகூட மூழ்கவில்லை. அடுத்து ரஷ்யா சுல்தானோடு தனியாகப் போர் தொடுத்தது. 1830 பிப்ரவரி 3ல் லண்டன் உடன்படிக்கை கிரீஸைச் சுதந்திர நாடாக ஏற்றது. எல்லைகள் 1832ல்தான் உறுதியாயின.

அந்தக் கிரீஸ் இன்றைய கிரீஸைவிட மிகச் சிறியது. தெசலோனிக்கியும் கிரீட்டும் அதில் இல்லை. அவை சேர 1912, 1913 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ரோட்ஸ் இருக்கும் தொதெக்கனீஸ் தீவுகள் சேர்ந்தது 1947ல்.

போரிட்டவர்களுக்கு நாடு என்ன செய்தது?

இதைப் படிக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் கனக்கும். முதல் ஆளுநர் கப்போதிஸ்திரியாஸ், ரஷ்யாவின் வெளியுறவுத் துறையை நடத்திய அனுபவத்தோடு 1828ல் வந்து, பள்ளி, நாணயம், நிர்வாகம் என்று எல்லாவற்றையும் தொடங்கியவர். 1831ல் நாப்லியோவில் தேவாலய வாசலில் மாவ்ரொமிகாலிஸ் குடும்பத்தினர் அவரைக் கொன்றார்கள். ஓத்தோ பதினேழு வயதில் அரசராக வந்திறங்கியதும் அவரது பவேரிய ஆட்சிக்குழு 1834ல் கொலொகொத்ரோனிஸ் மீது தேசத்துரோக வழக்குப் போட்டது. மரண தண்டனையும் விதிக்கப்பட்டது. பொலிசோய்திஸ், தெர்செத்திஸ் என்ற இரண்டு நீதிபதிகள் கையெழுத்திட மறுத்தார்கள். காவலர்களை விட்டு அவர்களை இழுத்துவந்து நாற்காலியில் உட்கார வைத்தும் கையெழுத்துப் போடவில்லை. தண்டனை குறைக்கப்பட்டு, மறு ஆண்டு கொலொகொத்ரோனிஸ் மன்னிப்புப் பெற்று வெளியே வந்தார். மார்ச் 25ல் நினைக்க வேண்டிய வீரர்களில் அந்த இரண்டு நீதிபதிகளும் உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

இன்று எப்படிக் கொண்டாடுகிறார்கள்?

விடியற்காலையில் ஏதென்ஸின் லிகாபெத்தோஸ் குன்றிலிருந்து 21 பீரங்கி வேட்டுகள். அக்ரோபோலிஸில் கொடியேற்றம். தேவாலயங்களில் திருநாள் வழிபாடும் நன்றி வழிபாடும். பிறகு நாடாளுமன்றத்துக்கு முன்னால் உள்ள பெயர் தெரியாத வீரனின் கல்லறையில் மலர்வளையம், சிந்தாக்மா சதுக்கம் வழியாக ராணுவ அணிவகுப்பு. போர் விமானங்கள் மேலே பறக்கும். கூட்டம் அதிகம் ஆரவாரம் செய்வது எவ்சோன்கள் எனப்படும் குடியரசுத் தலைவரின் காவல் படையினருக்குத்தான். மடிப்பு மடிப்பான வெள்ளைப் பாவாடை, குஞ்சம் வைத்த ஆணிச் செருப்பு. பாவாடையில் 400 மடிப்பு, அது 400 ஆண்டு அடிமை வாழ்வின் அடையாளம் என்பது மக்கள் சொல்லும் வழக்கு.

தினோஸ் தீவில் விழா வேறு மாதிரி இருக்கும். போர் நடந்துகொண்டிருந்த 1823 ஜனவரியில் அங்கே மண்ணுக்கடியிலிருந்து மங்கள வார்த்தைக் காட்சி கொண்ட மரியாளின் திருவுருவம் கிடைத்தது. மார்ச் 25ல் அதைத் தெருவில் பவனியாக எடுத்துவருகிறார்கள்.

ஆனால் இந்த நாள் உயிரோடு இருப்பது சிற்றூர்களில்தான். ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் நீலமும் வெள்ளையும் அணிந்து கடைத்தெரு வழியாக நடப்பார்கள். சின்னப் பையன்கள் எவ்சோன் உடையில், சிறுமிகள் ஓத்தோவின் அரசி அமாலியா காலத்து உடையில். முந்தைய நாள் பள்ளியில் கவிதை, நாடகம் எல்லாம் முடிந்திருக்கும்.

மாணவர் அணிவகுப்பை எல்லோரும் விரும்புகிறார்களா?

இல்லை. ராணுவம் போலப் பிள்ளைகளை நடக்க வைப்பது 1936ல் வந்த மெத்தக்சாஸ் சர்வாதிகாரத்தின் மிச்சம், இது போதும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. கொடியை யார் ஏந்துவது என்பதிலும் சண்டை வரும். வழக்கமாக முதல் மதிப்பெண் எடுத்த பிள்ளைக்கு அந்த மரியாதை. அல்பேனியாவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை முதலிடம் பெற்றபோது, 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில், சில பெற்றோர் கிளர்ச்சி செய்த சம்பவம் நாட்டையே இரண்டாக்கியது. தொடக்கப் பள்ளிகளில் 2017ல் குலுக்கல் முறை கொண்டுவந்து, ஆட்சி மாறியதும் அதைக் கைவிட்டார்கள். விடுதலைக்காகப் போரிட்ட நாளில், உழைத்துப் படித்த ஒரு பிள்ளையிடமிருந்து கொடியைப் பறிக்க நினைப்பதை என்னால் ஏற்கவே முடியாது.

அன்று என்ன சாப்பிடுவார்கள்?

பக்காலியாரோஸும் ஸ்கோர்தால்யாவும். முதலாவது, உப்பிட்டு உலர்த்திய காட் மீனை மாவில் தோய்த்துப் பொரித்தது. இரண்டாவது, பூண்டை உருளைக்கிழங்கோடோ ஊறவைத்த ரொட்டியோடோ மசித்து, ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையோ வினிகரோ சேர்த்த கூழ்.

மார்ச் 25 பெரும்பாலும் தவக்காலத்தின் நடுவில் விழும். தவக்காலத்தில் ஆர்த்தடாக்ஸ் மரபில் இறைச்சி, பால், முட்டை, மீன் எதுவும் கூடாது. மங்கள வார்த்தைத் திருநாளுக்கு மட்டும் மீன் உண்ண விலக்கு உண்டு, குருத்தோலை ஞாயிறன்றும் அப்படியே. கடற்கரைக்காரர்களுக்குப் புது மீன் கிடைக்கும். மலை ஊர்களுக்கு? அங்கே கெடாமல் போய்ச் சேரக்கூடியது வட அட்லாண்டிக்கிலிருந்து கப்பலில் வந்த உப்பு மீன்தான். விலையும் மலிவு. மீனை ஒரு நாளாவது தண்ணீரில் ஊறப்போட்டு, பலமுறை தண்ணீர் மாற்றினால்தான் உப்பு இறங்கும். அதனால் சமையல் 24ஆம் தேதியே தொடங்கிவிடும்.

தேசிய கீதத்துக்கும் இந்தப் போருக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. தியோனிசியோஸ் சொலோமோஸ் 1823ல் சாகிந்தோஸ் தீவில் எழுதிய 158 பத்திகள் கொண்ட விடுதலைப் பாடலின் முதல் இரண்டு பத்திகள்தான் கீதம். இசை நிகோலாவோஸ் மாந்த்சாரோஸ். 1865ல் கிரீஸின் கீதமானது. சைப்ரஸும் இதையே தன் கீதமாக வைத்திருக்கிறது, மார்ச் 25 அங்கேயும் பொது விடுமுறை.

அக்டோபர் 28 எதற்கு?

1940ல் அந்த நாள் விடியற்காலையில் இத்தாலி கொடுத்த இறுதி எச்சரிக்கையை மெத்தக்சாஸ் நிராகரித்ததை நினைவுகூரும் நாள். முக்கிய ராணுவ அணிவகுப்பு தெசலோனிக்கியில். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மார்ச் 25ல் ஏதென்ஸ் போனால் என்ன பார்க்கலாம்?

அணிவகுப்பு காலையில் நடக்கும், சிந்தாக்மாவைச் சுற்றியுள்ள தெருக்களை முன்பே மூடிவிடுவார்கள், அதனால் சீக்கிரம் போய் இடம் பிடிப்பது நல்லது. வங்கி, அரசு அலுவலகம் எல்லாம் விடுமுறை. அரசுத் தொல்லியல் இடங்கள் அன்று மூடியிருப்பது வழக்கம், எனவே அக்ரோபோலிஸ் ஏறும் திட்டத்தை வேறு நாளுக்கு வையுங்கள். குன்றின் கீழே இருக்கும் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகம் வழக்கமாகத் திறந்திருக்கும், அன்று நுழைவும் இலவசம். போவதற்கு முன் அந்த ஆண்டின் நேரத்தை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு நாள் கையில் இருந்தால் பழைய நாடாளுமன்றக் கட்டடத்தில் உள்ள தேசிய வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கட்டாயம் போங்கள். கொலொகொத்ரோனிஸின் தலைக்கவசம் அங்கே இருக்கிறது, வெளியே குதிரைமேல் அவரது சிலையும்.